குழப்பும் ஆங்கில வாக்கியத்துக்குப் பொருள் உண்டா என்று சோதிக்கும் வழி

போட்டித் தேர்வுக்காக ஆங்கில இலக்கணம் படிக்கும் கடலூர், புதுச்சேரி மாணவர்களை, இலக்கணப்படி பிழையற்றது என்று ஆசிரியர் சொல்லியும் எத்தனை முறை படித்தாலும் விளங்காத வாக்கியங்கள் திணறடிப்பதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் உண்டு. ஆனால் அதைத் தேடுமுன் குழப்பம் எவ்வகையைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

'தி போட் செயில்டு பாஸ்ட் சில்வர் பீச் சாங்க்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். படகு சில்வர் பீச்சை, அதாவது கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையைக் கடந்து போனது என்று மனம் முடிவுகட்டிய பிறகு 'சாங்க்' வருவதால், அதை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் விழிக்கிறோம். இங்கே கடைசி வினையிலிருந்து தொடங்குங்கள். மூழ்கியது எது? படகு. எந்தப் படகு? சில்வர் பீச்சைத் தாண்டி ஓட்டிச் செல்லப்பட்ட படகு. 'போட்' என்பதற்குப் பின் 'தட் வாஸ்' என்று சேர்த்துப் படித்தால் சிக்கல் அவிழ்ந்துவிடும். இவ்வகைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, மொழி உளவியலாளர் தாமஸ் பெவர் 1970இல் குதிரையை வைத்து எழுதிய 'தி ஹார்ஸ் ரேஸ்டு பாஸ்ட் தி பார்ன் ஃபெல்' என்ற வாக்கியம். ஆங்கில வினைகள் பலவற்றில் இறந்தகால முற்றும் செயப்பாட்டு எச்சமும் ஒரே வடிவில் இருப்பதுதான் காரணம். 'ஓட்டினான்', 'ஓட்டிய' என்று பிரித்தே பேசும் நமக்கு இந்தத் தடுமாற்றம் பழக்கமில்லை.

'தி ஃபிஷ் தி உமன் தி டிரைவர் நியூ சோல்டு ராட்டட்' என்பது வேறு வகை. இதில் பெயர்கள் மூன்றும் முதலில் அடுக்கி நிற்க, வினைகள் மூன்றும் பின்னால் வருகின்றன. தாளில் எழுதி, கடைசிப் பெயரை முதல் வினையோடும், நடுப்பெயரை நடுவினையோடும், முதற்பெயரைக் கடைசி வினையோடும் கோடிட்டு இணையுங்கள். ஓட்டுநருக்குத் தெரிந்த பெண் விற்ற மீன் கெட்டுப்போனது, அவ்வளவுதான். தமிழில் எவரும் தயங்காமல் சொல்லக்கூடிய இச்செய்தி ஆங்கிலத்தில் திணறுவதற்கு, இலக்கணமன்று, நினைவாற்றலின் எல்லையே காரணம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியும் 1963இல் விளக்கினர். பொருள் இருக்கிறது என்பதற்காகத் தேர்வில் இப்படி எழுதிவிடாதீர்கள். படிப்பவரை வதைக்கும் வாக்கியம் என் கணக்கில் மோசமான வாக்கியமே.

சாம்ஸ்கி 1957இல் தந்த 'கலர்லெஸ் கிரீன் ஐடியாஸ் ஸ்லீப் ஃபியூரியஸ்லி' (நிறமற்ற பச்சை எண்ணங்கள் ஆவேசமாக உறங்குகின்றன) போன்றவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் இல்லாமற்போகலாம் என்று காட்டவே அது எழுதப்பட்டது.

உண்மையில் எச்சரிக்கை தேவைப்படுவது, குழப்பவே குழப்பாத வாக்கியங்களிடம்தான். 'மோர் பீப்புள் ஹேவ் பீன் டு பாண்டிச்சேரி தேன் ஐ ஹேவ்' என்று கேட்டதும் தலையாட்டிவிடுவோம். எது நடந்தால் இது உண்மை, எது நடந்தால் பொய் என்று சொல்லிப் பாருங்கள், சொல்ல வராது. ஆட்களின் எண்ணிக்கையை 'நான்' என்ற ஒருவரோடு ஒப்பிட வழியில்லை.

உளவியல் ஆய்வாளர்களான வேசனும் ரீக்கும் 1979இல் ஆராய்ந்த 'நோ ஹெட் இன்ஜுரி இஸ் டூ டிரிவியல் டு பி இக்னோர்டு' இன்னும் நுட்பமானது. எவ்வளவு சிறிய தலைக்காயத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அதே அமைப்பில் எளிய சொற்களைப் போட்டுப் பாருங்கள். 'நோ பேக் இஸ் டூ ஸ்மால் டு பி செக்டு' என்றால் எவ்வளவு சிறிய பையையும் சோதிக்கலாம் என்று பொருள். அப்படியானால் முந்தையது, எவ்வளவு அற்பமான காயத்தையும் கண்டுகொள்ளாமல் விடலாம் என்றல்லவா சொல்கிறது? நினைத்ததையே சொல்ல வேண்டுமானால் 'டு பி இக்னோர்டு' இருக்கும் இடத்தில் 'டு பி ட்ரீட்டட்' என்று எழுத வேண்டும்.