கிட்டில் ஒரே ஒரு கோப்பின் மாற்ற வரலாற்றைப் பார்ப்பது எப்படி?

பெங்களூருவில் கே.ஆர். புரம் பக்கம் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவின் கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். குடியிருப்பில் பாதிப் பேர் கணினித் துறையினர் என்பதால், கணக்கு எக்செல்லில் இல்லாமல் ‘வரவுசெலவு’ என்ற எளிய உரைக்கோப்பாக ஒரு கிட் களஞ்சியத்தில் இருக்கிறது. கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி; அது கண்காணிக்கும் கோப்புறையே களஞ்சியம். கரும்புக்கு 3,600 ரூபாய் என்றிருந்த தொகை இப்போது 4,320 என்று நிற்கிறது. அதை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்பதை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) இருந்தே கண்டறிய வேண்டும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுங்கள்; கோப்பின் பெயரை மட்டும் தமிழிலேயே இடுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சிவிஎஸ் போன்ற பழைய கருவிகள் ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு வைத்திருந்தன. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது மாற்றங்களைச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவிலும், களஞ்சியம் முழுவதும் அந்த நேரத்தில் எப்படி இருந்ததோ அந்த நிலையைத்தான் அது பதிவு செய்கிறது. நீங்கள் ஒரு கோப்பின் வரலாற்றைக் கேட்கும்போது, ஒவ்வொரு கமிட்டையும் அதற்கு முந்தைய கமிட்டோடு ஒப்பிட்டு, அந்தக் கோப்பு எங்கெல்லாம் மாறியிருக்கிறது என்று அப்போதைக்கு அப்போது கணக்கிட்டுச் சொல்கிறது. பின்னால் வரும் சில வினோதங்களுக்குக் காரணம் இதுவே.

தமிழ்க் கோப்புப் பெயர்களுக்கான அமைப்பு

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால், கிட் அதை இயல்பாக ‘\340\256\265\340\256\260’ என்று தொடங்கும் எண் வரிசையாகக் காட்டும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று புதியவர்கள் பதறுவது இங்கேதான். கெடவில்லை, ‘வ’, ‘ர’ ஆகிய எழுத்துகளின் பைட்டுகளைக் கிட் எட்டை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில் எழுதிக் காட்டுகிறது, அவ்வளவே. கீழ்க்கண்ட கட்டளையை ஒரு முறை கொடுத்துவிட்டால் போதும். குவோட், பாத் என்னும் இரு சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுத வேண்டும்.

கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்

வரலாற்றைப் பட்டியலிடுதல்

களஞ்சியம் இருக்கும் கோப்புறைக்குள் சென்று இதைக் கொடுங்கள்:

கிட் லாக் -- வரவுசெலவு

தனியே நிற்கும் இரட்டைக் கோட்டுக்குப் பிறகு வருவதெல்லாம் கோப்பின் பெயர் என்று கிட் எடுத்துக்கொள்ளும். அந்தக் கோட்டை விட்டாலும் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆனால் கோப்பு ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தால், நீங்கள் சொல்வது கோப்பா கிளையா (களஞ்சியத்தின் தனி மாற்றப் பாதையா) என்று தெரியாமல் கிட் பிழை காட்டும். எனவே கோட்டை எப்போதும் இடும் பழக்கமே நல்லது.

திரையில் புதிய கமிட் மேலேயும் பழையது கீழேயுமாக வரும். ஒவ்வொன்றிலும் 40 இடங்கள் கொண்ட அடையாள எண், மாற்றியவர் பெயர், தேதி, குறிப்பு ஆகியவை இருக்கும். அடுத்த பக்கத்துக்கு இடைவெளி விசையையும், வெளியேற ‘க்யூ’ விசையையும் அழுத்துங்கள். இந்த இரண்டாவது விசை தெரியாமல் டெர்மினலையே மூடிவிடுபவர்கள் பலர். தேதியின் இறுதியில் +0530 என்று இருந்தால் அது இந்திய நேரம். பொருளாளர் அலுவலக வேலையாக வெளிநாட்டில், ஆன்சைட்டில், இருந்தபடி கணக்கைத் திருத்தியிருந்தால் அந்த ஊர் நேரமே தெரியும்; எல்லாவற்றையும் உங்கள் கணினியின் நேரத்தில் பார்க்க ‘--டேட்=லோக்கல்’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் நீளமாக இருந்தால் ஒரு கமிட்டுக்கு ஒரு வரியாகச் சுருக்கலாம்:

கிட் லாக் --ஒன்லைன் -- வரவுசெலவு

4081937 கரும்பு விலை திருத்தம்
2650418 கோலப்போட்டிப் பரிசுத் தொகை சேர்ப்பு
9173305 கோப்பின் பெயர் மாற்றம்

முன்னால் இருப்பது அடையாள எண்ணின் சுருக்கம். உண்மையில் அதில் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து வரும். இங்கே எளிமைக்காக இலக்கங்களை மட்டும் வைத்திருக்கிறேன்.

உள்ளே என்ன மாறியது?

குறிப்பை மட்டும் படித்துவிட்டு, கரும்பு விலை ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாற்றத்தையே பார்க்க, ‘-பி’ சேருங்கள்:

கிட் லாக் -பி -- வரவுசெலவு

- கரும்பு, 20 கட்டு, 3600
+ கரும்பு, 24 கட்டு, 4320

கழித்தல் குறி பழைய வரியையும் கூட்டல் குறி புதிய வரியையும் காட்டுகின்றன. இரண்டிலும் கட்டுக்கு 180 ரூபாய்தான் வருகிறது. விலை ஏறவே இல்லை, நான்கு கட்டுகள் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். குறிப்பு என்பது எழுதியவர் அவசரத்தில் சொன்னது, ‘-பி’ காட்டுவதோ நடந்தது. இரண்டும் முரண்பட்டால் இரண்டாவதையே நம்புங்கள். நீண்ட வரிகளில் எந்தச் சொல் மாறியது என்று தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘-பி’ உடன் ‘--வேர்ட்-டிஃப்’ என்பதையும் சேர்த்தால் மாறிய சொற்கள் மட்டும் அடைப்புக்குறிக்குள் தனித்துத் தெரியும்.

பெயர் மாறிய கோப்பு

மேலே உள்ள பட்டியல் ‘பெயர் மாற்றம்’ என்ற கமிட்டோடு நின்றுவிட்டதைக் கவனியுங்கள். இந்தக் கோப்பு அதற்கு முன் ‘கணக்கு’ என்ற பெயரில் இருந்தது. பெயர் மாற்றத்தைக் கிட் தனியாகக் குறித்து வைப்பதில்லை என்பதால், அந்த இடத்தில் ஒரு கோப்பு புதிதாகப் பிறந்ததாகவே அது கருதிவிடுகிறது. பழைய பெயரையும் பின்தொடரச் சொல்ல வேண்டும்:

கிட் லாக் --ஃபாலோ --ஒன்லைன் -- வரவுசெலவு

அப்போது, மறைந்த கோப்பும் தோன்றிய கோப்பும் உள்ளடக்கத்தில் குறைந்தது 50 விழுக்காடு ஒத்திருந்தால் இரண்டும் ஒன்றே என்று கிட் ஊகித்துக்கொள்ளும். ஊகம்தான் என்பதால், ஒருவர் பெயரையும் மாற்றி அதே கமிட்டில் கணக்கையும் அடியோடு திருத்தி எழுதியிருந்தால் தொடர்பு அறுந்துவிடும். பெயர் மாற்றத்தைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள் என்று அலுவலகத்தில் மூத்தவர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். ‘--ஃபாலோ’ ஒரு நேரத்தில் ஒரு கோப்புக்கு மட்டுமே செல்லும்.

ஒரு வரியை அல்லது ஒரு தொகையைத் தேடுதல்

கரும்பு வரி 14-ஆவது வரியில் இருந்தால், அந்த வரியின் வரலாற்றை மட்டும் கேட்கலாம். இங்கே ‘எல்’ பெரிய எழுத்து; கோப்பின் பெயர் முக்காற்புள்ளிக்குப் பின் ஒட்டி வரும்.

கிட் லாக் -எல் 14,14:வரவுசெலவு

ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று ஒரே திரையில் பார்க்க ‘கிட் பிளேம் வரவுசெலவு’ உதவும். ஆனால் அது கடைசிக் கையை மட்டுமே காட்டும்; யாரோ ஒருவர் வரிகளின் இடைவெளியைச் சீர்செய்திருந்தாலும் அவர் பெயரே வந்து நிற்கும். அதைத் தவிர்க்க ‘-டபிள்யூ’ சேருங்கள்.

வரி எண் தெரியாது, தொகை மட்டும் தெரியும் என்றால், பெரிய எழுத்து ‘எஸ்’ கொண்டு தேடலாம்:

கிட் லாக் -எஸ் 4320 -- வரவுசெலவு

கோப்பில் அந்தத் தொகை எத்தனை முறை இருக்கிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்டுகளை மட்டும் இது தரும். தமிழ்ச் சொல்லை இவ்வாறு தேடும்போது கவனம் தேவை. ‘பொ’ என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் பதிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பைட்டுகள் வேறு என்பதால், ‘பொங்கல்’ கோப்பில் இருந்தும் கிட் இல்லை என்று சொல்லக்கூடும். இயன்றவரை எண்ணைக் கொண்டே தேடுங்கள்.

பழைய வடிவத்தைப் பார்த்தலும் மீட்டலும்

குறிப்பிட்ட கமிட்டில் முழுக் கோப்பும் எப்படி இருந்தது என்று பார்க்க:

கிட் ஷோ 2650418:வரவுசெலவு

இது திரையில் காட்டுவதோடு சரி. உங்கள் கோப்பில் எதையும் மாற்றாது. உட்கோப்புறைக்குள் நின்றுகொண்டு கொடுத்தால், பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட வேண்டும்.

பழைய வடிவமே வேண்டும் என்று முடிவு செய்தால், 2019-இல் வெளியான 2.23 பதிப்பு முதல் இந்தக் கட்டளை இருக்கிறது:

கிட் ரிஸ்டோர் --சோர்ஸ்=2650418 வரவுசெலவு

இதற்கு முன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்துப் பார்த்துவிடுங்கள். கோப்பில் கமிட் செய்யாத திருத்தம் இருந்தால், எச்சரிக்கை ஏதுமின்றி அதன்மேல் பழைய வடிவம் எழுதப்பட்டுவிடும். கமிட் ஆகாததைக் கிட்டால் திருப்பித் தர முடியாது.

இவ்வளவு செய்தும் ஒரே ஒரு கமிட்தான் தெரிகிறது என்றால், களஞ்சியத்தை இறக்கியபோது ‘--டெப்த் 1’ கொடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. ‘கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ’ என்று கொடுத்தால் மீதி வரலாறும் இறங்கிவிடும்.