கதீட்டரில் கலப்பு பயோஃபிலிம்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை, கிருமிநீக்கம் போன்ற பொது விதிகளை இங்கே பேசப்போவதில்லை. சிறுநீரை வெளியேற்றச் செருகும் குழாயான கதீட்டரில் பல பாக்டீரியாக்கள் சேர்ந்து ஒட்டுப் படலமாக (பயோஃபிலிம்) வளர்வதை ஆராய வரும் புதியவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் வேறு.

சிறுநீரே இல்லாத சோதனை

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். புரோட்டியஸ், என்டரோகாக்கஸ் என்ற இரு பாக்டீரியாக்களையும் எல்.பி. என்ற சத்து மிகுந்த வளர்ப்புத் திரவத்தில் கலந்து, 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் விட்டு, ஒட்டிய படலத்துக்கு கிரிஸ்டல் வயலெட் சாயம் ஏற்றுவார்கள். நிறம் அடர்ந்தால் ‘இரண்டும் ஒத்துழைக்கின்றன’ என்று எழுதிவிடுவார்கள். சாயத்துக்கு யார் எவர் என்று தெரியாது; ஒட்டியதையெல்லாம் நிறமாக்கும். அது போகட்டும். அந்தத் திரவத்தில் யூரியாவை யாரும் சேர்ப்பதில்லையே!

புரோட்டியஸ் மிராபிலிஸ் கதீட்டரை அடைப்பது சிறுநீரில் இருக்கும் யூரியாவை வைத்துத்தான். அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்க, அமோனியா பெருகி, பி.எச். (அமில-கார அளவு) 8-ஐத் தாண்டும். அப்புறம் ஸ்ட்ரூவைட், அபடைட் என்ற தாதுப் படிகங்கள் படலத்தில் சிக்கிக் குழாயை மூடும். என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸோ ப்ராவிடென்ஸியா ஸ்டூவர்ட்டியை என்ற இன்னொரு பாக்டீரியாவோ கூட இருந்தால், சிறுநீரில் புரோட்டியஸின் யூரியேஸ் செயல்பாடு இன்னும் கூடுகிறது. ஒத்துழைப்பு நடப்பது இங்கே. படலத்தின் தடிமனை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

ஒரு மாணவர் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தையே இப்படி முடித்துவிட்டார். “பி.எச். பார்த்தீர்களா?” என்றேன். “கலர் நல்லா வந்திருக்கே சார்” என்றார். சரி, செயற்கைச் சிறுநீரில் எல்லாவற்றையும் மறுபடி செய்தார். இந்த முறை கலங்கல் எகிற, அதை வளர்ச்சி என்று குறித்துவைத்தார். கலக்கியது படிகம். மூன்றாம் முறைதான் ஒவ்வோர் இனமும் தட்டில் வளர்ந்த திட்டுகளை (காலனிகளை) தனித்தனியாக எண்ணினார், பி.எச்.சையும் அளந்தார். அதற்குள் உதவித்தொகைக் காலமே முடிந்துவிட்டது.

செயற்கைச் சிறுநீரை ஆட்டோகிளேவ் செய்வது

கூடாது. ஆட்டோகிளேவின் நீராவிச் சூட்டில் யூரியா சிதையும். கிருமியை நீக்க, நுண்வடிகட்டியில் வடிகட்டுங்கள்.

தட்டில் புரோட்டியஸ் மட்டுமே தெரிவது

சாதாரண அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்மத்தில்) புரோட்டியஸ் அலையலையாகப் பரவி மற்றவற்றை மூடிவிடும். அதைப் பார்த்து ‘புரோட்டியஸ் ஜெயித்தது’ என்று எழுதாதீர்கள். சி.எல்.இ.டி. என்ற உப்பு குறைந்த அகாரில் இந்தப் பரவல் அடங்கும். என்டரோகாக்கஸை எண்ண பைல் எஸ்குலின் அசைடு அகார் வசதி. அதிலுள்ள அசைடு, புரோட்டியஸ் போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக் கூட்டத்தை அடக்கிவைக்கும்.

தேங்கிய குழியையே கதீட்டர் என்று நினைப்பது

தட்டின் குழியில் திரவம் தேங்கி நிற்கும்; கதீட்டரில் சிறுநீர் ஓடுகிறது. ஒட்டாதது அடித்துக்கொண்டு போய்விடும்.

சிறுநீர் சேகரிக்கும் பையிலிருந்து மாதிரி எடுப்பது

வேண்டவே வேண்டாம். குழாய் வழியாக வரும் சிறுநீரும் படலத்தில் இருக்கும் பாக்டீரியாக்களை முழுசாகக் காட்டாது. கழற்றிய கதீட்டர் கிடைத்தால் துண்டு போட்டு, ஒலியலையால் அதிர வைக்கும் சோனிகேட்டரில் படலத்தை உதிர்த்து வளர்த்துப் பாருங்கள்.