அவுட்லுக் மெயிலுக்குக் கொப்பி எடுப்பது எப்படி (நான்கு மாதம் தவறான ஃபைலைப் பத்திரப்படுத்தியவன் சொல்கிறேன்)

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் எனக்குக் கணக்கு வேலை. கொம்பியூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் பிரின்டரில் கடதாசி சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன மாசியில், காலபோக அறுவடை நடந்து நெல் ஏற்றும் லொறிகள் வாசலில் நின்ற நேரம், மத்தியானம் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் பக்கத்து மேசை அக்கா கூப்பிட்டார். "தம்பி, அவுட்லுக் திறக்குதில்லை. இது பேர்சனல் ஃபோல்டர் ஃபைலே இல்லையாம் எண்டு ஏதோ சொல்லுது."

நான் பதறவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பென் டிரைவில் கொப்பி எடுத்து வைத்திருக்கிறேனே! பென் டிரைவைச் செருகி, கொப்பியைத் திறந்தேன். மெயில் எல்லாம் இருந்தது. ஆனால் ஐப்பசியோடு நின்றது. அதற்குப் பிறகு ஒரு மெயில்கூட இல்லை.

எங்கே பிழைத்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன். முதலில் ஒரு விளக்கம். இது கணினியில் போட்டிருக்கும் பழைய வகை அவுட்லுக்குக்கான பதிவு. உங்கள் அவுட்லுக்கின் வலது மேல் மூலையில் "நியூ அவுட்லுக்" என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதற்குள் போனால் நான் சொல்லும் மெனுக்கள் பல கிடைக்காது.

முதல் வேலை: எந்த ஃபைல் என்று கண்டுபிடிப்பது

அவுட்லுக் உங்கள் மெயில், காலண்டர், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் ஒரே ஒரு பெரிய ஃபைலில் போட்டு வைக்கிறது. கணக்கு பொப் வகை (மெயிலைச் சேர்வரிலிருந்து, அதாவது மெயில் சேவைக்காரரின் கணினியிலிருந்து, உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வகை) என்றால் அது பிஎஸ்டி ஃபைல். மெயிலைச் சேர்வரிலேயே வைத்திருக்கும் வகைகளான எக்ஸ்சேஞ்ச் என்றாலும், 2013 முதலான அவுட்லுக்கில் ஐமெப் என்றாலும் அது ஓஎஸ்டி. பிஎஸ்டி என்றால் மூலப்பிரதியே உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஓஎஸ்டி என்பது சேர்வரில் உள்ளதன் நகல். அது கெட்டால் அழித்துவிட்டு அவுட்லுக்கைத் திறந்தால் திரும்ப இறங்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஐமெப் கணக்கில் காலண்டருக்கும் தொடர்பு எண்களுக்கும் பக்கத்தில் "திஸ் கொம்பியூட்டர் ஒன்லி" என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவை சேர்வருக்குப் போவதே இல்லை. அழிப்பதற்கு முன் அவற்றை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

எங்களுடையது பொப். ஐப்பசி இடியில் பழைய கணினி போய்விட்டது. மாரி தொடங்குமுன் வரும் அந்த இடிமுழக்கத்தைப் பற்றி வன்னியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. கடையில் ஒரு பாவித்த கணினி வாங்கினோம். பொருத்த வந்தவர் கணக்கைப் புதிதாகப் போட்டு, பழைய மெயில் ஃபைலையும் அதே ஃபோல்டரில் வைத்து அவுட்லுக்கோடு இணைத்துவிட்டுப் போனார். இடது பக்கத்தில் பழைய மெயில், புதிய மெயில் இரண்டும் தெரிந்தன. எல்லோருக்கும் சந்தோசம்.

டொக்கியூமென்ட்ஸுக்குள் "அவுட்லுக் ஃபைல்ஸ்" என்ற ஃபோல்டரைத் திறந்தால் இரண்டு ஃபைல்கள். ஒன்றின் பெயர் அவுட்லுக். மற்றதன் பெயர் எங்கள் மின்னஞ்சல் முகவரி. விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை, அதாவது வகையைக் காட்டும் கடைசி எழுத்துகளை, மறைத்து வைப்பதால் இரண்டும் ஒரே வகை என்று எனக்குப் படவில்லை. முகவரி பெயரில் இருப்பது ஏதோ செட்டிங்ஸ் ஃபைல் என்று நினைத்து, அவுட்லுக் என்று இருந்ததைக் கொப்பி எடுத்தேன். பெயரே சொல்கிறதே!

மாற்றிய திகதியைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அங்கேதான் அடி. திகதி ஒவ்வொரு வெள்ளியும் அன்றைய திகதியாகவே இருந்தது. இணைத்து வைத்திருக்கும் பிஎஸ்டியை அவுட்லுக் திறந்து மூடினாலே திகதி மாறிவிடும், உள்ளே ஒரு மெயில்கூட வராவிட்டாலும். நான் பார்த்திருக்க வேண்டியது அளவை. நான்கு மாதமாக 1.8 ஜிபி. கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆகவே ஃபோல்டரில் தேடாதீர்கள். அவுட்லுக்கிடமே கேளுங்கள். ஃபைல் மெனு, அக்கவுன்ட் செட்டிங்ஸ், அதற்குள் திரும்பவும் அக்கவுன்ட் செட்டிங்ஸ், பிறகு "டேட்டா ஃபைல்ஸ்" என்ற பக்கம். அங்கே இணைத்திருக்கும் ஃபைல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். சிறிய சரிக்குறி போட்டிருப்பதுதான் இயல்பு ஃபைல். ஒரே கணக்கு என்றால் மெயில் பெரும்பாலும் அதற்குள்தான் விழும். சந்தேகமாக இருந்தால் பக்கத்திலிருக்கும் "ஈமெயில்" பக்கத்துக்குப் போய் உங்கள் கணக்கை ஒரு தரம் அழுத்துங்கள். புதிய மெயில் எந்த ஃபைலுக்குப் போகிறது என்று கீழே எழுதியிருக்கும். திரும்பி வந்து அந்த ஃபைலைத் தெரிவு செய்து "ஓப்பன் ஃபைல் லொகேஷன்" அழுத்தினால் ஃபோல்டர் திறக்கும். 2007 போன்ற பழைய அவுட்லுக்கில் அது மறைத்து வைத்த ஃபோல்டருக்குள் இருக்கும். அதில் அக்கவுன்ட் செட்டிங்ஸ் டூல்ஸ் மெனுவில் இருக்கும். அந்த வழியில் போனால் ஃபைலைத் தேடி அலையவும் தேவையில்லை.

பட்டியலில் எத்தனை பிஎஸ்டி இருந்தாலும் அத்தனையையும் எடுங்கள். இடம் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் மாட்டினேன்.

கொப்பி எடுப்பது

அவுட்லுக்கை மூடுங்கள். மூடிவிட்டு, ஓடும் மென்பொருள்களைக் காட்டும் டாஸ்க் மனேஜரில் அவுட்லுக் உண்மையில் போய்விட்டதா என்று பாருங்கள். ஜன்னல் மறைந்த பிறகும் சில நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போது கொப்பி எடுக்க முயன்றால் ஃபைல் பாவனையில் இருக்கிறது என்று மறுக்கும். அது நல்லது. சில கொப்பி மென்பொருள்கள் மறுக்காமல் அரைகுறையாக எடுத்துவிடும். அது கூடாது.

அப்புறம் ஃபைலை கொப்பி செய்து, பெயரில் திகதியைச் சேர்த்து வெளி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். கடைசி நான்கு வாரக் கொப்பிகளை வைத்துக்கொண்டு அதற்கு முந்தியதை அழிக்கலாம். ஒரே பெயரில் மேலே மேலே எழுதாதீர்கள். மூல ஃபைல் ஒரு புதன்கிழமை கெட்டுப்போய், அது தெரியாமலே வெள்ளிக்கிழமை கொப்பி எடுத்தால், கையிலிருந்த நல்லதையும் கெட்டது விழுங்கிவிடும். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளில் "மிரர்" (மூலத்தைப் போலவே கொப்பியையும் ஆக்கிவிடும் முறை) என்று விட்டாலும் இதே ஆபத்துத்தான். பழைய பிரதிகளைத் தனியாக வைக்கும் வசதி அதில் இருக்கிறது, அதை இயக்கினால் நல்ல சாமான். நான் இன்னும் கையால்தான் எடுக்கிறேன். கையால் எடுத்தால் அளவு கண்ணில் படும்.

பென் டிரைவ் பற்றி ஒன்று. சரியான ஃபைலைக் கண்டுபிடித்த பிறகு அதைக் கொப்பி எடுக்கப் போனால், ஃபைல் பெரிதாம், முடியாதாம் என்றது. பென் டிரைவில் 20 ஜிபிக்கு மேல் வெறுமையாக இருந்தது. ஃபைல் 4.6 ஜிபிதான். பென் டிரைவ் பழுது என்று நினைத்துப் புதிதொன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. 32 ஜிபி வரையான பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபெட்32 என்ற ஃபோர்மட் முறையில் வருகின்றன. அதில் தனி ஃபைல் ஒன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பென் டிரைவில் உள்ளதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, வலது கிளிக், ஃபோர்மட், "எக்ஸ்ஃபெட்" அல்லது "என்டிஎஃப்எஸ்" என்று தெரிவு செய்யுங்கள். சரியாகிவிடும். என்னிடம் இப்போது தேவையில்லாத பென் டிரைவ் ஒன்று இருக்கிறது.

ஃபைல் மெனுவில் "எக்ஸ்போர்ட்" என்று ஒரு வழியும் உண்டு. அதைத்தான் பலர் சொல்லித் தருகிறார்கள். ஒரு ஃபோல்டரை மட்டும் பிரித்தெடுக்க அது நல்லது. முழு மெயிலுக்கும் நேரடிக் கொப்பிதான் என் விருப்பம்.

கெட்டுப்போன ஃபைலை மீட்பது

சரி, மாசிமாதக் கதைக்கு வருவோம். தவறான கொப்பி கையில், கெட்டுப்போன மூல ஃபைல் கணினியில், வாசலில் லொறி. நான் உருப்படியாகச் செய்த ஒரே விசயம், கெட்ட ஃபைலைத் தொடுமுன் அதை வேறிடத்தில் கொப்பி போட்டதுதான். நீங்களும் அதை முதலில் செய்யுங்கள். சோதனை எல்லாம் அந்தப் பிரதியில் நடக்கட்டும்.

காசு கேட்கும் மீட்பு மென்பொருள்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. பல, மெயில் பட்டியலைக் காட்டிவிட்டு சேமிக்க மட்டும் பணம் கேட்கும். அதற்கு முன் அவுட்லுக்கோடு சும்மாவே வரும் ஸ்கான்பிஎஸ்டி என்ற திருத்தும் கருவியை ஓட்டிப் பாருங்கள். மெனுவில் அது இல்லை. சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ், ரூட், ஒஃபிஸ்16 என்று போனால் அந்தப் பெயரில் இருக்கும். 2013 என்றால் ஒஃபிஸ்15, 2010 என்றால் ஒஃபிஸ்14. இந்த இரண்டிலும் "ரூட்" இல்லாமலும் இருக்கலாம். அங்கே இல்லாவிட்டால் எக்ஸ்86 என்று முடியும் மற்றப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் பாருங்கள்.

அதைத் திறந்து, "பிரவுஸ்" மூலம் ஃபைலைக் காட்டி, "ஸ்டார்ட்" அழுத்துங்கள். எட்டுக் கட்டமாகச் சோதிக்கும். ஃபைல் பெரிதென்றால் ஏதாவது ஒரு கட்டத்தில் அசையாமல் நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்து மூட வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வருமளவுக்கு நேரம் எடுக்கும். எனக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது. முடிந்ததும் பிழைகளின் எண்ணிக்கையைச் சொல்லும். திருத்துமுன் கொப்பி எடுக்கவா என்று கேட்கும் சரிக்குறியை விட்டுவைத்து "ரிப்பெயார்" அழுத்துங்கள்.

முடிந்துவிட்டது என்று எழுந்து போகாதீர்கள். திரும்ப ஓட்டுங்கள். ஒரு தரம் திருத்தியதும் உள்ளே மறைந்திருந்த அடுத்த பிழை தெரியவரும். பிழையே இல்லை என்று சொல்லும்வரை ஓட்ட வேண்டும். எனக்கு நான்கு தரம் எடுத்தது.

இந்த வேலையை யூபிஎஸ் இல்லாத கணினியில் செய்யவே கூடாது. இடையில் கரண்ட் போனால் மிச்சமும் போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதே நாங்கள் யூபிஎஸ் வாங்கியிருக்க வேண்டும். அப்போது விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். யூபிஎஸ் இல்லாவிட்டால் ஃபைலை ஒரு லப்டொப்புக்குக் கொண்டுபோய், பற்றரியை நிரப்பிவிட்டு ஓட்டுங்கள்.

திருத்திய ஃபைலை அவுட்லுக்கில் பார்க்க: ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட், ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல். "இம்போர்ட்" வேண்டாம். அது இருக்கும் மெயிலோடு கலந்துவிடும், இரட்டிப்பாக்கவும் கூடும். இடது பக்கத்தில் ஃபைல் தனியாகத் தெரியும். "லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட்" என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியாத மெயில்களை அதற்குள் போட்டு வைத்திருக்கும். கொள்வனவாளர் ஒருவர் நெல் விலையை உறுதிப்படுத்தி அனுப்பிய மெயில் எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது. அக்கா அதைப் பிரின்ட் எடுத்து லமினேட் பண்ணலாமா என்று கேட்டார்.

பெரும்பாலான மெயில் வந்துவிட்டது. சிலவற்றில் இணைப்பு ஃபைல்கள் மட்டும் திறக்கவில்லை. கடைசி இரண்டு வார மெயில் சேர்வரிலும் இருந்தது. கணக்கின் "மோர் செட்டிங்ஸ்", "அட்வான்ஸ்ட்" என்ற இடத்தில் மெயிலின் ஒரு பிரதியைச் சேர்வரில் விட்டுவைப்பதற்கு ஒரு சரிக்குறி உண்டு. எங்களுடையதில் 14 நாளில் அழி என்று கீழே போட்டிருந்தது. அதை இப்போது 60 ஆக்கிவிட்டேன். சேர்வரில் இடம் குறைவென்றால் அவ்வளவு வைக்க முடியாது, பார்த்துச் செய்யுங்கள்.

இந்தப் பதிவைப் படித்தவர்கள் கேட்டதால் பிறகு சேர்த்தவை

மல்லாவியிலிருந்து ஒருவர், கொப்பியை நேராகப் பென் டிரைவில் வைத்தே அவுட்லுக்கில் திறக்கலாமா என்று கேட்டார். வேண்டாம். முதலில் ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுங்கள். அவுட்லுக் திறந்த ஃபைலில் எழுதாமல் இருக்காது, நடுவில் பென் டிரைவைப் பிடுங்கினால் இருந்த ஒரே கொப்பியும் கெடும். சீடியில் எழுதி வைத்ததென்றால் எழுத முடியாததால் திறக்கவே மறுக்கும். அதே காரணத்தால் பிஎஸ்டியை அலுவலக நெட்வேர்க்கில் பொது ஃபோல்டரில் வைத்து இரண்டு பேர் பாவிக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள்.

இன்னொருவரின் பழைய கணினியில் ஃபைல் 2 ஜிபியை நெருங்கியதும் அவுட்லுக் படுத்துவிட்டதாம். 2002 வரையான அவுட்லுக்கில் உருவாக்கிய ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. 2003லும் 2007லும் 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. ஆனால் பழைய ஃபைலைப் புதிய அவுட்லுக்கில் திறந்தால் மட்டும் எல்லை கூடாது. புதிய டேட்டா ஃபைல் ஒன்றை உருவாக்கி மெயிலை அதற்குள் இழுத்துப் போட வேண்டும்.

வவுனியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னது எனக்கும் புதிது. அவரது விண்டோஸ் டொக்கியூமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவுக்குள் (மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பு) மாற்றியிருக்கிறது, பிஎஸ்டியும் கூடவே போய்விட்டது. மெயில் வரும்போதெல்லாம் அந்தப் பெரிய ஃபைல் மாறுவதால் ஒன்டிரைவ் ஓயாமல் ஏற்றிக்கொண்டிருந்தது, மாதத் தொடக்கத்திலேயே டேட்டா முடிந்தது. இப்படியென்றால் அவுட்லுக்கை மூடி, பிஎஸ்டியை ஒன்டிரைவுக்கு வெளியே, சி டிரைவில் ஒரு ஃபோல்டர் செய்து அதற்குள் மாற்றுங்கள். அடுத்த தடவை அவுட்லுக் ஃபைலைக் காணவில்லை என்று கேட்கும்போது புதிய இடத்தைக் காட்டினால் போதும். காட்டிய பிறகு முன்பு சொன்ன "ஈமெயில்" பக்கத்துக்குப் போய், புதிய மெயில் அதே ஃபைலுக்குத்தான் வருகிறதா என்று பாருங்கள். அவர் பார்க்கவில்லை. அவுட்லுக் பேசாமல் புதிதாக ஒரு வெற்று ஃபைலை உருவாக்கி அதற்குள் மெயிலை இறக்கிக்கொண்டிருந்தது.