பழைய வேக்குவம் கிளீனர்ல ஃபேன் கழல மாட்டேங்குதா?

கிருஷ்ணகிரில ஒரு காயலாங்கடையில இரும்பு பாடி வெச்ச பழைய வேக்குவம் கிளீனர் ஒண்ணு கெடச்சுது, பேரிங் மாத்தலாம்னு பிரிச்சா மோட்டார் ஷாஃப்ட்ல இருக்கற அலுமினிய ஃபேன் அசையவே இல்லீங்க. மொதல்ல பிளக்க புடுங்கிட்டு நட்ட பாருங்க, சில மோட்டார்ல அது லெஃப்ட் மரை, வலது பக்கம் திருப்புனாதான் கழலும், இது தெரியாம முறுக்கி நான் ஒரு மரைய காலி பண்ணிட்டேன்! நட்டு வந்ததும் ஷாஃப்டும் ஃபேனும் சேர்ற எடத்துல டபிள்யூடி-40 (இறுகுனத தளர்த்தற எண்ணெய் ஸ்ப்ரே) கொஞ்சம் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டுருங்க (தேங்கா எண்ணெய் வேணாம், நாளாக ஆக பிசுக்காயிரும்). மறுநாள் எண்ணெய சுத்தமா தொடச்சு காயவிட்டு, ஹேர் டிரையர்ல ஃபேனோட நடுப்பகுதிய மட்டும் சூடு பண்ணுங்க, அலுமினியம் இரும்ப விட கிட்டத்தட்ட 2 மடங்கு விரியும், அதனால பிடி லேசா தளரும். சூடு ஆறறதுக்குள்ள சின்ன புல்லர் (ஷாஃப்ட்ல இறுகுனத கொக்கி போட்டு வெளிய இழுக்கற கருவி) போட்டு நடுவுல புடிச்சு மெதுவா இழுங்க, புல்லர் இல்லன்னா தெரிஞ்ச பைக் மெக்கானிக்கிட்ட ஒரு மணி நேரம் கடன் கேளுங்க. ஸ்க்ரூடிரைவர் விட்டு மட்டும் நெம்பிராதீங்க, ஃபேன் தகடு கொஞ்சம் வளைஞ்சாலும் பேலன்ஸ் போயி அப்புறம் மோட்டார் போடற சத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரங்க வந்துருவாங்க.