'பொகொ ஷிப்பொ': கொரியக் காதல் பாட்டை மெல்லப் பாடப் பழகலாம்

கொரிய பேலட், அதாவது மெதுவாக நகரும் காதல் பாட்டு, கேட்கச் சுலபம்போல் இருக்கும். ஒரு பியானோ, ஒரு குரல், பிறகு சத்தமில்லாமல் வந்து சேரும் வயலின்கள், அவ்வளவுதான். பாட உட்கார்ந்தால் முதல் வரியிலேயே மூச்சு முட்டும். பெரும்பாலான பாட்டுகள் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுக்குள்தான் நகரும் என்பதால், ஒவ்வொரு அசையையும் குரலில் தாங்க வேண்டும்.

படி 1: சுருதி

பாட்டின் கடைசிப் பல்லவியை முதலில் பாடிப் பாருங்கள். பல பேலட்களில் அங்கே சுருதி அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏறும். ஆரம்பம் வசதியாக இருக்கிறதே என்று தொடங்குபவர்கள் அங்கேதான் கத்துவார்கள். கரோக்கி ஆப்பில் சுருதியை இரண்டு மூன்று படி இறக்கிவிடுங்கள். கொரியாவின் நொரேபாங் எனப்படும் கரோக்கி அறைகளில் ரிமோட்டிலேயே அதற்குப் பொத்தான் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 2: ஒரே ஒரு வரி

'பொகொ ஷிப்பொ'. பேலட்களில் அடிக்கடி வரும் சொற்கள். நேர்ப்பொருள், நம் 'பாக்கணும் போல இருக்கு'. பிரிவு, ஏக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

நடுவிலுள்ள 'கொ'வை, 'அகம்' என்பதில் வரும் ககரம்போல் மென்மையாக விடுங்கள். 'ப்பொ'வில் பகரம் வல்லோசைதான். ஆனால் 'அப்பா'போல் அழுத்தாமல் சிறிது காற்றோடு வரட்டும். அதன் உயிர் முழு ஒகரமும் அல்ல: ஒகரத்துக்கு வாயை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவிக்காதீர்கள். பத்துத் தடவை பேசிவிட்டுப் பிறகு பாடுங்கள்.

கொரியத்தில் உதடு குவியாத உகரம் ஒன்றும் உண்டு. ஆங்கில எழுத்தில் வரிகளைப் படிப்பவர்கள் அதில்தான் தடுமாறுவார்கள். நமக்கு அது குற்றியலுகரம். 'பாக்கு' என்று சொல்லும்போது கடைசியில் வருகிறதே, கிட்டத்தட்ட அதே ஒலி.

படி 3: சொல்லின் வாயை மூடுங்கள்

நம் நாக்கு வல்லின மெய்யில் நிற்காது, ஓர் உகரத்தை ஒட்டிவிடும். 'கண்டிப்பாக' என்பதற்குக் கொரியத்தில் 'கொக்'. உகரம் ஒட்டினால் கொக்கு பறந்துவிடும்! 'க்' வரும் இடத்தில் பின்நாக்கால் அடைத்து அப்படியே விடுங்கள், திறக்காதீர்கள். 'பம்' (இரவு) போன்ற சொல்லை நீட்டும்போது அகரத்தில் நீட்டி, கடைசிக் கணத்தில் உதட்டை மூடுங்கள். முன்பே மூடினால் முனகலாகிவிடும்.

படி 4: கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வேண்டாம்

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இதுதான் கஷ்டம். நீண்ட ஸ்வரத்தை முக்கால் பங்கு அசையாமல் நேராகப் பிடித்து, கடைசியில் மட்டும் லேசாக அதிர விடுங்கள்.

படி 5: மைக்

சரணத்தில் மைக் உதட்டிலிருந்து மூன்று விரல் தூரம். கிட்டே இருந்தால் குரலின் அடி ஓசை கூடி, காதோரம் பேசுவதுபோல் கேட்கும். 'ப' வரும்போது காற்று மோதி 'டொப்' என்றால் மைக்கைச் சற்று பக்கவாட்டில் சாய்த்துக்கொள்ளுங்கள். பல்லவிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். பாடியதை போனில் பதிவு செய்து இயர்போனில் கேளுங்கள். மூச்சு இழுக்கும் சத்தம் சொல்லுக்கு நடுவே விழுந்திருந்தால், அந்த வரிக்கு மூச்சு எடுக்கும் இடத்தை ஒரு சொல் முன்னால் நகர்த்துங்கள்.