உடம்பு முடியாமல் அரசாங்க வேலையை விடப் போகிறீர்களா? முதலில் மெடிக்கல் போர்டு கேளுங்கள்

என் அக்கா மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது அவருக்கு வயது 46, சர்வீஸ் 22 வருஷம். நின்று பாடம் நடத்த முடியவில்லை, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) மேல் எம்.சி., மற்ற ஆசிரியர்கள் தன் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார்களே என்ற கூச்சம் வேறு. அப்போது தெரிந்தவர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், "பெர்சாரா பிலிஹான் எழுதிக் கொடுத்துவிடுங்கள் டீச்சர், சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார். அக்கா பாரத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒரு வாரம் அது கைப்பையிலேயே கிடந்ததால்தான் தப்பித்தோம்.

ஏன் தப்பித்தோம் என்கிறேன் என்றால், பெர்சாரா பிலிஹான் என்பது நீங்களாக விரும்பிப் போகும் ஓய்வு. 40 வயதிலேயே போகலாம், ஆனால் 1991 ஏப்ரல் 12-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்கு மாதப் பென்ஷன் 55 வயதில்தான் தொடங்கும். அக்காவுக்கு அது ஒன்பது வருஷக் காத்திருப்பு. உடல்நலக் காரணத்தால் ஓய்வு கொடுக்கப்பட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை, ஓய்வு பெற்றதுமே பென்ஷன் ஓடத் தொடங்கிவிடும். வெறும் ராஜினாமா என்றால் இன்னும் மோசம், இத்தனை வருஷப் பென்ஷன் உரிமையே போய்விடும். நம் ஆட்கள் பலர், "யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாம்" என்று நினைத்து அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எழுதுகிறார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள்.

சரி, உடல்நலக் காரணத்தால் ஓய்வு பெற எங்கே தொடங்குவது? அதற்கு முன்னால், நீங்கள் பென்ஷன் திட்டத்தில்தான் இருக்கிறீர்களா என்று பாருங்கள். வேலை உறுதிக் கடிதமும் தாராஃப் பெர்பென்சென் (பென்ஷன் தகுதி) கடிதமும் கையில் இருந்தால் இருக்கிறீர்கள். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பாதை வேறு. அவர்கள் இ.பி.எஃப்.-இல் உடல் இயலாமைக்கான முழுத்தொகை எடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர்கள் அங்கே கெயிலாத்தான், அதாவது உடல் இயலாமைப் பென்ஷனும் கேட்டுப் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து புதிதாகச் சேர்ந்த இளையவர்களும் இந்தப் பக்கம்தான்.

பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் லெம்பாகா பெருபாத்தான் வழியாகத்தான் நடக்கும், பேச்சு வழக்கில் மெடிக்கல் போர்டு. அரசாங்க மருத்துவமனையில் சில மருத்துவர்கள் கூடி உங்களைப் பரிசோதித்து, தொடர்ந்து வேலை செய்ய முடியுமா முடியாதா என்று அறிக்கை எழுதுவார்கள். போர்டு கூட்டச் சொல்லி மருத்துவமனைக்கு அதிகாரப்பூர்வமாக எழுத வேண்டியவர் உங்கள் இலாகாத் தலைவர். ஆசிரியர் என்றால் தலைமையாசிரியரிடம் தொடங்கி பி.பி.டி. (மாவட்டக் கல்வி அலுவலகம்) வழியாக மேலே போகும். அதனால் முதல் வேலை, இலாகாத் தலைவருக்கு ஒரு கடிதம். நோய் என்ன, எப்போதிலிருந்து, எந்த மருத்துவமனையில் எந்த நிபுணர் பார்க்கிறார், இதுவரை எத்தனை நாள் எம்.சி., போர்டு கூட்ட ஏற்பாடு செய்யும்படி கேட்கிறேன், அவ்வளவுதான். ஒரு பக்கம் போதும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் கடிதம் ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதம் யார் மேசையிலும் இல்லாமல் காணாமல் போயிருந்தது, முத்திரை போட்ட பிரதி இருந்ததால்தான் அதே தேதியைச் சொல்லி மறுபடி நகர்த்த முடிந்தது.

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் நிபுணரின் அறிக்கை. நோயின் பெயரை மட்டும் எழுதிய அறிக்கை போர்டில் நிற்காது. சர்க்கரை, இருதயம், முதுகுத்தண்டு, மனச்சோர்வு என்று எத்தனையோ பேர் இதே நோய்களோடு வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், போர்டுக்கு அது தெரியும். அவர்கள் பார்ப்பது வேறு: இது நிரந்தரமா, சிகிச்சையில் தேறுமா, இந்த ஆளின் வேலையை இந்த உடம்பால் செய்ய முடியுமா, வேறு இலகுவான வேலை கொடுத்தால் சமாளிப்பாரா. அதனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் செனாராய் துகாஸ் (பணிப் பட்டியல்) தாளையும் எடுத்துப் போங்கள், மைபோர்ட்ஃபோலியோ என்ற உங்கள் பணிக் கோப்பில் இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எத்தனை மாடி ஏற வேண்டும், கனமான பொருள் தூக்க வேண்டுமா, வண்டி ஓட்ட வேண்டுமா என்று ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொடுங்கள். அக்காவின் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான், டயாலிசிஸ் முடிந்த மறுநாளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது என்று தெளிவாக எழுதினார்.

தனியார் மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவர்கள், உங்கள் பதிவுகளை எடுத்துக்கொண்டு இப்போதே ஓர் அரசாங்க நிபுணரிடம் போகத் தொடங்குங்கள். பினாங்கில் ஜாலான் ரெசிடென்சி பெரிய ஆஸ்பத்திரியோ செபராங் ஜெயாவோ, கோலாலம்பூரில் எச்.கே.எல். என்ற பெரிய ஆஸ்பத்திரியோ, எதுவானாலும் சரி, போர்டு கூடும்போது அங்கே உங்கள் ஃபைல் இருப்பது பெரிய பலம். மனநோய் என்றால் வீட்டில் சிலர், "வெளியே தெரிந்தால் பிள்ளைக்கு வரன் வராது" என்று மறைக்கச் சொல்வார்கள். மறைத்தால் பதிவு இருக்காது, பதிவு இல்லாவிட்டால் போர்டு எதை வைத்து முடிவு செய்யும்? மனநல நிபுணரின் அறிக்கையும் மற்ற நிபுணர்களின் அறிக்கை போலத்தான்.

போர்டு நாள் வரும்வரை ஒன்றில் மட்டும் தவறவே கூடாது. எம்.சி. இல்லாமல் ஒரு நாள்கூட வீட்டில் இருக்காதீர்கள். அனுமதி இல்லாமல் ஏழு வேலைநாள் தொடர்ந்து வராமல், ஆளையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது ஒழுங்கு நடவடிக்கையாகி வேலை நீக்கம்வரை போகலாம், வேலை நீக்கம் என்றால் பென்ஷனும் இல்லை. பக்கவாதம் வந்து பேச முடியாதவர், மனம் உடைந்து ஃபோன் எடுக்காதவர், இவர்களுக்குத்தான் இது நடக்கும். வீட்டார் முந்திக்கொண்டு எம்.சி.யைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். காசநோய், தொழுநோய், புற்றுநோய் போன்றவற்றுக்குத் தனி விடுப்பு உண்டு, சாதாரண எம்.சி. கணக்கு தீரும் முன்பே அதை அலுவலகத்தில் கேளுங்கள்.

போர்டு முதல் தடவையே ஓய்வு என்று எழுதிவிடும் என்று நினைக்க வேண்டாம். இலகுவான வேலை கொடுங்கள் என்று சொல்லலாம், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றும் சொல்லலாம். அக்காவுக்கு இரண்டாவது தடவைதான் ஆனது. இடைப்பட்ட ஆறு மாதமும் அவர் ஒரு நோட்டில் தினமும் எழுதினார், எந்த நாள் மயக்கம் வந்தது, எந்த வகுப்பை யார் பார்த்தார்கள் என்று. இரண்டாவது போர்டில் ஒரு மருத்துவர் அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தாராம்.

வேலை செய்யத் தகுதியில்லை என்று முடிவானால் இலாகா ஃபைலை ஜே.பி.ஏ.வுக்கு (பொதுச் சேவைத் துறை) அனுப்பும், கணக்குப் போட்டு அங்கீகரிப்பது அவர்கள், மாதாமாதம் வங்கியில் போடுவது குவாப் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம். கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். சர்வீஸ் மாதங்களை 600-ஆல் வகுத்து கடைசி அடிப்படைச் சம்பளத்தால் பெருக்க வேண்டும், அலவன்ஸ் சேராது, உச்சம் சம்பளத்தில் 60 விழுக்காடு. 22 வருஷம் என்றால் 264 மாதம், அடிப்படைச் சம்பளம் 5,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,200 ரிங்கிட் வரும். ஓய்வின்போது ஒரே தடவையில் மொத்தமாக வரும் கஞ்சாரான் (பணிக்கொடை), சம்பளத்தில் 7.5 விழுக்காட்டை மாதங்களால் பெருக்கினால் 99,000 ரிங்கிட். சேர்த்துவைத்த வருஷ லீவுக்கான பணம் தனி. வேலை நேரத்தில் அடிபட்டோ வேலையின் காரணமாகவோ இந்த நிலை வந்திருந்தால் பென்சென் ஹிலாங் உபாயா (ஊனப் பென்ஷன்) என்று கூடுதலாக ஒன்று இருக்கிறது, கேட்டால்தான் அந்தப் பேச்சே எழும். உடல்நலக் காரணத்தால் ஓய்வு பெற்றவரின் பென்ஷனுக்கு, 55 வயது ஆகாவிட்டாலும் வருமான வரி கிடையாது.

கஞ்சாரான் கைக்கு வந்ததும் கடனை அடைக்க ஓடாதீர்கள். வீட்டுக் கடன், கோப்பராசி (கூட்டுறவுச் சங்கம்) கடன், அங்காசா என்ற கூட்டுறவு அமைப்பு வழியாகச் சம்பளத்தில் பிடித்த கடன், ஒவ்வொன்றின் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து நிரந்தர உடல் இயலாமைக்கு ஈடு உண்டா என்று பாருங்கள். பலர் மரணத்துக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கேட்காமலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதற்குப் போர்டு அறிக்கையின் பிரதி கேட்பார்கள், அதனால் அலுவலகத்திடம் உறுதிப்படுத்திய பிரதி கிடைக்குமா என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கடைசியாக, காட் பெசாரா (ஓய்வூதியர் அட்டை) வந்ததும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சைக்கு அதுதான் அடையாளம். மருத்துவமனையில் கிடைக்காத மருந்தை மருத்துவர் வெளியே வாங்கச் சொன்னால், வாங்குவதற்கு முன்பே அதற்கான பாரத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.