பிளக்கை உருவினாலும் ஓவன் அடங்காது

"பிளக்கைத்தான் உருவிட்டேனே, அப்புறம் என்ன பயம்?" மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் இந்தப் பேச்சு சரி. மைக்ரோவேவ் ஓவனுக்கு ஒத்து வராது.

அதன் தகர மூடிக்குள் இருப்பவை இரண்டு சர்க்யூட்கள். ஒரு பக்கம் நம் வீட்டு 230 வோல்ட்: ஃபியூஸ், கதவு சுவிட்சுகள், ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), விசிறி, தட்டைச் சுற்றும் மோட்டார். மறுபக்கம், கனமான டிரான்ஸ்ஃபார்மர் அந்த 230-ஐச் சுமார் 2000 வோல்ட்டாக ஏற்றுகிறது. சார்ஜைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரும், ஒரே திசையில் மட்டும் கரண்டை விடும் டையோடும் சேர்ந்து அதை ஏறத்தாழ 4000 ஆக்கி மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. அங்கே பிறக்கும் 2450 மெகாஹெர்ட்ஸ் அலைதான் நேற்றைய சாம்பாரைச் சூடாக்குகிறது.

ஆளைக் கொல்லக்கூடியது அந்தக் கெபாசிட்டர். பார்த்தால் கையடக்கமான அலுமினிய டப்பா. சுமார் 1 மைக்ரோஃபாரட். அதற்குள்ளேயே பொதுவாக 10 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். பிளக்கை எடுத்தபின் சார்ஜை மெல்ல வடித்துவிடுவது அதன் வேலை. அது பழுதாகியிருந்தால் சார்ஜ் அப்படியே உள்ளே நிற்கும். வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. அதனால் மூடியைக் கழற்றும் வேலையே வீட்டில் வேண்டாம் என்பது என் கருத்து.

"வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதே" என்பார்கள். அது லைனில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்த்து, இல்லையென்றால் சப்ளையை நிறுத்தும் (டிரிப் ஆகும்) கருவி. டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தச் சுருளில் ஒரு முனை ஓவனின் உடம்போடு இணைந்திருக்கிறது. அந்தப் பக்கம் உங்களுக்கு ஷாக் அடித்தால், கரண்ட் உங்கள் வழியே ஓவனின் உடம்புக்கு வந்து அதே சுருளுக்குத் திரும்பிவிடும். ஆர்சிசிபிக்குக் கணக்கு சரியாகவே இருக்கும், டிரிப் ஆகாது. வோல்ட், ஓம் அளக்கும் சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைப்பதும் இதே போன்ற விபரீதம்தான்: அதன் வரம்பு 600 அல்லது 1000 வோல்ட்.

எங்கள் பக்கத்து வீட்டு ஓவனில் அடிக்கடி ஃபியூஸ் போனது. மூன்று முறை மாற்றிய மெக்கானிக், நான்காவது முறை ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவிட்டுப் போனார். திறந்து பார்த்தபோது கதவின் பிளாஸ்டிக் கொக்கி விரிசல் விட்டிருந்தது. விஷயம் இதுதான்: கதவுக்குப் பின்னால் பொதுவாக மூன்று சுவிட்சுகள். கதவைத் திறந்ததும் முதலில் இரண்டு சுவிட்சுகள் கரண்டை அறுக்கும். அதற்குப் பிறகே மூன்றாவது மூடிக்கொள்ளும். முன்னவை ஒட்டிக்கொண்டு அறுக்காமல் இருந்தாலோ, கொக்கி கெட்டு இந்த வரிசை குழம்பினாலோ, மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை எரிக்கும். கதவு திறந்திருக்க அலை வெளியே வரக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கதவைத் திறக்கும்போதோ மூடும்போதோ ஃபியூஸ் போனால் கோளாறு பெரும்பாலும் கதவுப் பக்கம்தான். கம்பி சுற்றுவதும் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும் காவல்காரனின் வாயைக் கட்டுவது மாதிரி.

மெக்கானிக்குகள் நல்ல டையோடைத் தூக்கிப் போடுவதும் சகஜம். உள்ளே பல டையோடுகள் வரிசையாகக் கோத்திருப்பதால் மல்டிமீட்டரின் சின்ன பேட்டரி அதைத் திறக்காது. இரு திசையிலும் 'ஓபன்' (கரண்ட் போகவில்லை) என்றே காட்டும். கழற்றி எடுத்து, 9 வோல்ட் பேட்டரியோடும் மீட்டரோடும் தொடராக இணைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

வெறும் ஓவனை ஓட்டாதீர்கள். போக இடமில்லாத அலை மேக்னட்ரானுக்கே திரும்பி அதைச் சூடாக்கும். உள்சுவரில் இருக்கும் மைக்கா தகட்டில் எண்ணெய் படிந்தால் பொறி பறக்கும், துடைத்து வையுங்கள். மூன்றாவது பின்னை ஒடித்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகுபவர்களுக்கு என்ன சொல்வது! எர்த் போன பிறகு அந்தத் தகர உடம்பை நம்பித் தொட முடியாது.

பாதி பவரில் வைத்தால் 'டக்' என்று சத்தம் கேட்டு ஹம்மிங் நின்று நின்று வருகிறதா? பயந்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஓவனுக்குப் பாதி பவர் என்று ஒன்று கிடையாது. ரிலே சில வினாடி முழு பவரைக் கொடுத்து, சில வினாடி நிறுத்துகிறது. பவரை மின்னணு முறையில் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை ஓவன்களில் மட்டும் இந்த 'டக்' கேட்காது.